பனிச்சுவரின் அடியில் நின்ற ஆள்

என் அப்பா காஸ்பர் யவுன் காட்மென் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். இந்தப் பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். வீட்டில் இரண்டு மாடுகள் உண்டு. கோடையில் பனியாற்றுக்குப் போகிறவர்களுக்குச் சுமை தூக்குவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அச்சிட்ட புத்தகம் ஒன்றில் இருக்கிறார்.

1841இல் ஒரு பேராசிரியரின் பயண நூலுக்குப் படம் வரைய வில்டர்மெத் என்ற ஓவியர் வந்தார். பனியாற்றின் முகப்பில் நிமிர்ந்து நின்ற பனிச்சுவரை வரைந்தார். பனியின் உயரம் தெரிய அருகில் ஓர் ஆளை நிறுத்துவது அவர்கள் வழக்கம். அப்பா ஒரு பாறையில் சாய்ந்து மூன்று மணி நேரம் நின்றார்.

நான் பெர்னில் நில அளவை அலுவலகத்தில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பனி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று கணக்கிடும் வேலை என்னிடம் வந்தது. பழைய உயரத்தை அறிய அந்தப் படத்தை எடுத்தேன். அப்பா ஐந்தரை அடி. படத்தில் பனிச்சுவர் அவரைப் போல் பதினாறு மடங்கு. எண்பத்தெட்டு அடி. அறிக்கை அனுப்புமுன் ஊருக்குப் போய் அவரிடம் படத்தைக் காட்டினேன்.

சீஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு குனிந்து பார்த்தார்.

“டேய், இது நானா? ஆட்டுக்குட்டியை நிக்க வெச்ச மாதிரி இருக்கு!”

“தூரத்துல நின்னிருப்பீங்கப்பா.”

“பாறையில சாஞ்சுதானடா நின்னேன். பாறை மட்டும் கிட்டவா இருந்துச்சு? அன்னைக்கு அந்த ஓவியரு தொப்பி கீழ விழுந்துடுச்சுன்னு, சுவருக்கு மேலேர்ந்து என்னைக் கயித்துல இறக்குனாங்க. நாப்பது அடிக் கயிறு. நாலடி பத்தல, குதிச்சேன்.”

“படம் எண்பத்தெட்டுன்னு சொல்லுதே.”

“அவரையே கேட்டேன், என்னங்கய்யா என்னை இப்படிச் சுருக்கிட்டீங்கன்னு. ‘உன்னைப் பெருசா போட்டா பனி சின்னதாயிடும் காஸ்பர், பாக்குறவன் மிரள வேணாமா’ன்னாரு.”

“அறிவியல் புத்தகத்துல அப்படிச் செய்ய மாட்டாங்கப்பா.”

“சரிங்க, அளவைக்கார ஐயா. பெத்தவனை நம்பாதீங்க, பேப்பரை நம்புங்க. இந்தா, சீஸாவது தின்னு.”

எண்பத்தெட்டு என்றே அனுப்பினேன். அதன்பின் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார்: “மாத்திட்டியாடா?” இல்லை என்பேன். கடைசியாகக் கேட்டது கிறிஸ்துமஸுக்கு.

ஜூலையில் வேறு வேலையாகப் பனியாற்றுப் பக்கம் போனேன். பனி பின்வாங்கியிருந்தது. பாறை அங்கேயே இருந்தது. அளந்தேன். பதினோரு அடி. அதில் சாய்ந்து நிற்கும் ஐந்தரை அடி ஆள் பாதி உயரம் வர வேண்டும். படத்தில் கால்வாசிதான் வருகிறார். அதே படத்தில் பனிச்சுவர் பாறையைப் போல் நான்கு மடங்கு. நாற்பத்துநான்கு அடி.

ஊரிலிருந்து இரண்டு மணி நேர நடை. முன்பே போய் அளந்திருக்கலாம்.

திருத்தம் எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில் ‘காஸ்பர் யவுன், சுமைக்காரர், கயிற்றால் அறிந்தது’ என்று முதலில் எழுதினேன். பாறையின் அளவை இரண்டாவதாக எழுதினேன்.

மேலதிகாரி ஒப்புக்கொண்டார். சாட்சியின் கையெழுத்தை வாங்கி அனுப்பும்படி ஓரத்தில் குறித்திருந்தார்.

சாட்சி இறந்துவிட்டார் என்று எழுதி, அவர் இடத்தில் நான் கையெழுத்திட்டேன்.