மாப்பிள்ளை இல்லாத விருந்து

நரின் நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பெகாயிமுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. முப்பத்தொரு வயதில் அவளுக்குப் போலந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பனியாறுகளைப் பற்றி மேற்படிப்புப் படிக்க இடம் கிடைத்தது. உதவித்தொகை கல்விக் கட்டணத்தோடு சரி. தங்கவும் சாப்பிடவும் எங்கள் நாட்டுப் பணத்தில் ஆறு லட்சம் சோம் வேண்டும். வங்கி மூன்று லட்சம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா இல்லாததால் பெரியப்பா தஷ்தான்பெக்கிடம் போய்க் கேட்டாள்.

"கல்யாணத்துக்குக் கடன்னா இப்பவே போடறேன். நீ அங்கேயே தங்கிட்டா வங்கிக்காரன் என் கழுத்தையில்ல பிடிப்பான்" என்றார் அவர்.

மறுநாள் வேலைக்கு வந்தவள் அழைப்பிதழ் எழுத உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை யாருடி?" என்றேன்.

"யாருமில்ல. மாப்பிள்ளை இருந்தாத்தான் மொய்யா? பதினோரு வருஷமா ஊர்க்காரங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மொய் வச்சிருக்கேன். இப்ப என் முறை."

ஊர் சிரித்தது. அவளுடைய அம்மா இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. பெகாயிம் ஆடு அறுத்தாள், விருந்துக்கூடம் வாடகைக்குப் பிடித்தாள். எண்பது பேரைக் கூப்பிட்டதில் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள்.

சாப்பாட்டின் நடுவில் பெரியப்பா எழுந்தார். "செத்துப்போன என் தம்பி மானத்தை இவ ஏலம் போடறா. எல்லாரும் எழுந்திரிங்க."

மூன்று பேர் எழுந்தார்கள்.

"பெரியப்பா, உங்க பிள்ளைங்க கல்யாணக் கடனை இன்னும் கட்டிட்டிருக்கீங்க. அப்ப யாரும் மானத்தைப் பத்திப் பேசல. நான் பிச்சை கேக்கல, வச்சதைத்தான் திருப்பிக் கேக்கறேன். உக்காந்து சாப்பிடுங்க, கறி ஆறுது" என்றாள் பெகாயிம்.

அப்போது பெரியம்மா கலிமா எழுந்தார். அஞ்சலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். கணவரோடு கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"ஜாமீன் காகிதம் எங்கடி? எனக்கும் சம்பளம் வருதில்ல?"

"என்னைக் கேக்காமலா?" என்றார் பெரியப்பா.

"நீங்க என்னைக் கேட்டுட்டா மூணு கடன் வாங்கினீங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் சாப்பிடவில்லை. பெரியம்மா ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்துக்கொண்டார்.

மொய் இரண்டு லட்சத்துச் சொச்சம் சேர்ந்தது. மிச்சத்துக்குப் பெகாயிம் தன் பழைய காரை விற்றாள். அங்கே படித்துக்கொண்டே உணவுக்கடையில் பாத்திரம் கழுவினாள். ஒரு தவணையும் தவறவில்லை. இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, இப்போது மலைமேல் பனியாறுகளை அளக்கிறாள். கடன் இன்னும் மூன்று வருடம் ஓடும்.

போன ஆகஸ்டில் பெரியம்மாவைக் குதிரையில் ஏற்றி அங்கே கூட்டிப்போனாள். மண்ணும் கல்லும் படிந்து கிடந்த பனியாற்றை அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுக்காவா இருக்கும்?" என்றாராம்.