இடது காதில் இருபது சதவீதம்

பேட்டரி வேலை பார்க்கிறவனிடம் பேய்க் கதை கொண்டுவராதீர்கள் என்று எத்தனையோ பேரைக் கடையை விட்டு விரட்டியிருக்கிறேன். தென்காசியில் பதினெட்டு வருஷமாக இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் செய்கிறேன். ஒருத்தர் வந்து, "அண்ணாச்சி, கரண்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் தானா கத்துது, வீட்டுல என்னமோ இருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் எலி ஒயரைக் கடித்து வைத்திருக்கும். சார்ஜ் என்றால் எங்கிருந்தாவது வரவேண்டும், எங்கேயாவது போகவேண்டும், எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னையும் அந்த இன்வெர்ட்டர்காரரோடு சேர்த்துவிடுவீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் அண்ணன் சங்கரன் லோடு ஆட்டோ ஓட்டினான். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நாள் முழுக்க அலைகிறவன், பாட்டு இல்லாமல் இருக்கமாட்டான். அவனுக்கு நான்தான் ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தேன், கறுப்பு நிறம், புளியங்கொட்டை அளவு இரண்டு, அவற்றை வைத்துச் சார்ஜ் ஏற்ற ஒரு சின்ன டப்பா. ஆனால் அவன் இரண்டையும் மாட்டியதே இல்லை. இடது காதில் மட்டும் மாட்டுவான். வலது பட்ஸ் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். ஏன் என்று கேட்டால், "ஒரு காது பாட்டுக்குலே, இன்னொரு காது வீட்டுக்கு" என்பான்.

சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் ஆரம்பத்தில் என் உயிரை எடுத்தான். செட்டிங்ஸுக்குள் போ, புளூடூத்தைத் தொடு என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன், ஐந்தாவது தடவையும் கேட்டான். கடைசியில் அவன் போனின் முதல் திரையிலேயே தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று எண்கள்: இடது, வலது, டப்பா. பட்ஸ் பக்கத்தில் இருந்தால் எண் தெரியும், இல்லை என்றால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். அதைப் பார்த்து அவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஆட்டோ வாங்கியபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற குடும்பங்களில் ஒருத்தர் மட்டும் நனையாமல் உட்கார்ந்திருப்பார், கவனித்திருப்பீர்கள். எல்லாருடைய போன், செயின், துண்டு எல்லாம் அவர் மடியில் இருக்கும். எங்கள் வீட்டில் அது அண்ணன். சீசன் முழுக்க ஒரு நாள்கூட அருவியில் தலையைக் கொடுக்கமாட்டான், கறுப்பு ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டைச் சுவரில் உட்கார்ந்து, இடது காதில் பாட்டும் வலது காதில் அருவிச் சத்தமுமாக இருப்பான். தண்ணீர் கூடுவதற்கு முன் சத்தம் தடிக்கும் என்று சொல்வான். நான் நம்பியதில்லை, எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான்.

அவன் மகள் வள்ளிக்குப் பதினாலு வயது, என் மகள் அபிக்குப் பத்து. இரண்டும் அருவிக்குள் போனால் லேசில் வெளியே வராது, இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று பேரம் பேசும். அதற்கு அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தான். பட்ஸ் சார்ஜ் இருபதுக்கு வந்தால் அன்றைய குளியல் முடிந்தது. போனைத் தூக்கிக் காட்டி, "இருபது ஆச்சு!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். மறுபேச்சு கிடையாது. இரண்டும் தலை சொட்டச் சொட்ட ஓடிவரும். உண்மையில் அவனுக்குப் பசி வந்தால்கூட இருபது ஆகிவிடும், அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன வருஷம் ஐப்பசியில் அவன் செத்துப்போனான். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து டீக்காகக் காத்திருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நாற்பத்தாறு வயது. அவன் மனைவி, என் மதினி, கத்தியதைக் கேட்டு ஓடிப்போனவன் நான்தான், வாய் திறந்திருந்தது, தாடையைத் துணியால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியதும் நான்தான். கட்டு இரண்டு காதையும் மூடிவிட்டது. நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்டும்போதும் அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. அவனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் சிற்றாற்றங்கரையில் கொள்ளி வைத்ததும் நான். தீ நன்றாகப் பிடித்த பிறகு தலைமாட்டில் இருந்து டப் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விறகில் ஏதோ வெடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். வலது பக்கம் பட்ஸ் இருந்தது. இடது பக்கம் காலி.

பேட்டரி தீயில் போனால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்த டப் என்ற சத்தம் எத்தனை நாள் என்னைத் தூங்கவிடவில்லை தெரியுமா? கூடப் பிறந்தவனின் காதில் இருந்ததை எடுக்காமல் எரித்துவிட்டேன். மதினி ஒருநாள், "இன்னொண்ணு எங்க தம்பி?" என்று கேட்டபோது, ஆட்டோவில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று பொய் சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள். அண்ணனுடைய போனை லோடு கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடமே கொடுத்திருந்தாள். டப்பாவையும் நானே வைத்துக்கொண்டேன். சும்மா போட்டால் பேட்டரி செத்துவிடும் என்பதால் அவ்வப்போது சார்ஜ் மட்டும் போடுவேன், தொழில் புத்தி. திரையில் எப்போதும் வலது நூறு, டப்பா தொண்ணூறு சொச்சம், இடது பக்கம் கோடு.

இந்த வருஷம் ஆனியில் சீசன் ஆரம்பித்ததும் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கின. மதினிக்கு மனசே இல்லை, வள்ளி முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தாள். என் மனைவி பண்பொழியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், ஆக நாங்கள் நாலு பேர். எந்த அருவி என்று சொல்லமாட்டேன், சொன்னால் குளிக்க வருகிறவர்கள் பயப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி, சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது, கூட்டம் சுமார்தான். மதினி பையை என்னிடம் நீட்டினாள். அதே ரெக்சின் பை. புறப்படும்போது அண்ணன் போனையும் டப்பாவையும் நான் அதற்குள்தான் போட்டிருந்தேன். நானும் தோளில் துண்டோடு குளிக்கத்தான் வந்திருந்தேன், ஆனால் பை கைக்கு வந்ததும் போய்க் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் மூன்று பேரும் பெண்கள் பக்கம் போனார்கள். அந்தப் பக்கத்துக் கடைசியில் பாறை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு பொந்து மாதிரி இருக்கும், தண்ணீர் முதுகில் தட்டுவது போல விழும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நான் இருந்த இடத்தில் இருந்து வள்ளியின் மஞ்சள் சுடிதார் மட்டும் அவ்வப்போது தெரிந்தது.

மணி பார்க்கத்தான் அண்ணன் போனை எடுத்தேன். இடது, முப்பத்தி நாலு என்று இருந்தது.

பழைய எண்ணைப் போன் நினைவில் வைத்துக் காட்டுகிறது என்று நினைத்தேன். அப்படி நடக்கும், தெரியும், நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திரையைச் சட்டையில் துடைத்துப் பார்த்தேன். முப்பத்தி மூன்று. டப்பாவை எடுத்துத் திறந்தேன், வலது பட்ஸ் அதன் இடத்தில் இருக்கிறது, இடது குழி காலி. மூடினேன். முப்பத்தி ஒன்று. பக்கத்தில் வேறு யாராவது அதே மாதிரி பட்ஸ் வைத்திருந்தாலும் அண்ணன் போனில் அது காட்டாது, ஒரு போனோடு சேர்த்துவைத்த பட்ஸ் மட்டும்தான் அதில் தெரியும். பழைய எண் என்றால் அப்படியே நிற்கவேண்டும், இது இறங்குகிறது. மூச்சுக்கு ஒன்று இறங்குகிறது. எந்த நல்ல பேட்டரியும் அப்படி இறங்காது. இருபத்தி ஏழு. இருபத்தி ஆறு. எனக்குக் கோபம்தான் வந்தது, நம்பினால் நம்புங்கள், பயம் வரவில்லை, என்ன எழவுடா இது என்று போனைத்தான் திட்டினேன். இருபத்தி மூன்று. சாம்பலை நான்தான் சிற்றாற்றில் கரைத்தேன். தண்ணீர் இங்கிருந்துதான் அங்கே போகும், அங்கிருந்து இங்கே வராது.

இருபத்தி ஒன்றில் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. இருபது என்று மாறியதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருபது ஆச்சு!"

அந்த மாதிரிச் சத்தம் நான் அதற்கு முன் போட்டதில்லை. பெண்கள் பக்கக் கம்பி வரைக்கும் ஓடினேன், அங்கே நின்ற ஒரு அம்மாள், "ஏய், இது பொம்பளையாளுவ எடம்லா, எங்கன வாரீரு?" என்று திட்டினாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை கத்தினேன். "ஏட்டி வள்ளி, அபி! இருபது ஆச்சு!"

வேறு என்ன சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் அஞ்சு நிமிஷம் பேரம் பேசியிருப்பார்கள். இதற்குப் பேரம் கிடையாது. வள்ளி அபியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே மதினி வந்தாள், அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "என்ன தம்பி இது? அதச் சொல்லியா கூப்பிடுவாவ?" என்று கேட்டாள், அழுகையும் கோபமுமாக. நான் போனைப் பார்த்தேன். எட்டு. ஐந்து. அவர்கள் படி ஏறி என் பக்கத்தில் வந்து நின்றபோது ஒன்று. பிறகு கோடு.

அப்போதுதான் எனக்கே சத்தம் கேட்டது. அருவிச் சத்தம் தடித்தது. அண்ணன் சொன்னானே, அதுதான். இலையும் குச்சியுமாக வந்தது, வெள்ளைத் தண்ணீர் ஒரு நொடியில் செம்மண் நிறமானது, அதன் பிறகுதான் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள், கம்பியைப் பிடித்துத் தொங்கிய இரண்டு பேரைக் கயிறு போட்டு இழுத்தார்கள், நல்லவேளையாக யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் பாறை நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பொந்து முழுசாக முங்கிவிட்டது. அந்தப் பொந்துக்குள் இருந்திருந்தால் விசில் கேட்டிருக்காது. மதினி பிள்ளைகள் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் பிள்ளைகள் தலை உலர்த்திக்கொண்டிருக்கும்போது மதினியிடம் போனேன். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. பட்ஸ் ஆட்டோவில் விழவில்லை, அண்ணன் காதிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்காமல் கட்டிவிட்டேன், அதோடுதான் எரித்தோம் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கம் என்ன.

மதினி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் தம்பி. குளிப்பாட்டி முடிச்சு, துணிய சரி பண்ணும்போது கையில தட்டுச்சு. நாந்தான் எடுக்கல."

"ஏன் மதினி?"

"அது இல்லாம அவுக எங்கயும் போனதில்லல்லா. இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன். ஒங்ககிட்ட சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு எம்புட்டு இருந்துச்சு, கடைசியா?"

ஒன்று என்றேன்.

"அப்ப தீந்து போச்சே தம்பி" என்றாள். அவள் அழுதது அதற்குத்தான்.

நான் கதையை இங்கே நிறுத்தியிருந்தால் நீங்களும் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், போன் கோளாறு, தற்செயல் என்று. அன்று ராத்திரி டப்பாவைப் பார்க்கிறவரைக்கும். காலையில் தொண்ணூற்றி ஆறு இருந்த டப்பா எண்பத்தி நாலு என்று காட்டியது. பட்ஸ் காலியாகி வந்து குழியில் உட்கார்ந்தால், டப்பா தன் சார்ஜைக் கொடுத்து அதை நிரப்பும், அப்படி நிரப்பினால் இந்த டப்பாவில் பன்னிரண்டு குறையும். ஒரு பட்ஸுக்குப் பன்னிரண்டு. வலது பட்ஸ் வெளியே வரவே இல்லை, அது நூறிலேயே இருக்கிறது.

டப்பா பழசாகிவிட்டது, சார்ஜ் நிற்கவில்லை என்று முடிவு கட்டி மறுபடி நிரப்பி மேசையில் வைத்தேன். ஆறு நாள் ஒரு புள்ளி அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் பன்னிரண்டு இறங்கியது. வலது பட்ஸை வெளியே எடுத்துவிட்டு வெறும் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறும் பன்னிரண்டு. எங்கேயோ போகிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். எங்கே என்று அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.

சீசன் முடிந்துவிட்டது. நாங்கள் அதற்குப் பிறகு அருவிக்குப் போகவில்லை. திரையில் இடது பக்கம் இன்றைக்கும் கோடுதான். ஆனால் டப்பா விஷயத்தை மதினியிடம் சொன்னதிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவள் போன் பண்ணிவிடுவாள், வேறு ஒன்றும் பேசமாட்டாள், "தம்பி, டப்பாவ சார்ஜ்ல போட்டுட்டியளா?" என்று மட்டும் கேட்பாள். நானும் போட்டுவிட்டேன் மதினி என்பேன். ஒரு வாரம்கூட நான் அதை மறந்ததில்லை.