மூக்கண்ணன் பிரித்த கிளட்ச்

லாரி பட்டறை வாசலுக்கு வருவதற்கு முன்பே மூக்கண்ணன் தலையைத் தூக்கிக் காற்றை ஓர் இழுப்பு இழுப்பார். "கிளட்ச்சை வறுத்தெடுத்துட்டு வர்றான்யா!" என்பார். வண்டி அப்புறம்தான் கண்ணில் படும். டிரைவர் இறங்கியதும் இறங்காததுமாக அர்ச்சனை தொடங்கிவிடும். "பெடல் மேலயே காலை வெச்சு ஓட்டுறீங்க. அது என்ன, உங்க மாமனார் வீட்டு முக்காலியா?"

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அண்ணன் என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

கிளட்ச் மாற்றுவதில் அவருக்கென்று சில கிறுக்குகள் உண்டு. கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி இறக்கும்போது யாரும் பேசக்கூடாது. தும்மினாலும் திட்டு விழும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கால் திருகு கால் திருகாகத்தான் தளர்த்துவார். கழற்றியவை ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டில், இருந்த வரிசையிலேயே வட்டமாக உட்காரும். கடைசியில் கிளட்ச் கூட்டுக்குள் விரலை விட்டு, கசிந்திருக்கும் எண்ணெயைத் தொட்டு முகர்வார். அழுகின முட்டை நாற்றம் என்றால் கியர் ஆயில். கருகல் வாடை என்றால் எஞ்சின் ஆயில். எது கசிகிறதோ அந்தப் பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலை மாற்ற வேண்டும். தவறினால் புது கிளட்ச் பிளேட்டும் எண்ணெயில் ஊறி வழுக்கும். இருபத்தாறு வருடத்தில் அந்த மூக்கு ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தவரைப் பார்த்து மனைவி அலறினாள்.

"ஏங்க, மூக்கைக் கழட்டிப் பட்டறையிலயே வெச்சுட்டீங்களா?"

சோப்பு, மண்ணெண்ணெய், தன் அழுக்குச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. "வெளியில மூச்சு விட்டுடாதே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு செங்கல் லாரி வந்தது. வழக்கம்போல விரலை விட்டார், வழக்கம்போல முகர்ந்தார், வழக்கம்போல "கியர் ஆயில்தான்" என்றார். எல்லாம் குருட்டாம்போக்கு. அந்தப் பக்கத்து சீலை மட்டும் மாற்றினார். இரண்டு பக்கமும் புது சீல் போட்டிருக்கலாம். போட்டால், "மூக்குக்கு என்னாச்சுண்ணே?" என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்களே!

பத்தாம் நாள் அந்த லாரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"பாலத்து மேட்டுல ஏறிட்டிருக்கேண்ணே. எஞ்சின் கத்துது, வண்டி இழுக்கல. அப்படியே பின்னாடி வருது. கண்ணாடியில பார்த்தா ஸ்கூல் வேன்! மிதிச்சேன் பாருங்க பிரேக்கை... இறங்கிப் போய்ப் பார்த்தா ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழம்தான். வேன் முன் சீட்டுல ஒரு பொண்ணு, எனக்கு டாட்டா காட்டுது."

மூக்கண்ணன் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் காலில் விழுந்தது, வலிகூடத் தெரியவில்லை. ஐயோ, ஒரு முழம்! அந்தக் குழந்தை டாட்டா காட்டியதாமே!

தப்பிக்க டிரைவரே வழியும் காட்டினார். "உங்க மேல தப்பே இல்லண்ணே. பிளேட்டு டூப்ளிகேட்டு. கடைக்காரனைப் பிடிச்சு நாலு கேக்கணும்."

தலையை ஆட்டினால் போதும், பெயர் பிழைத்துவிடும். மூக்கண்ணன் ஆட்டவில்லை. வண்டிக்கு அடியில் புகுந்து கியர்பாக்ஸை இறக்கினார். புது பிளேட் எண்ணெயில் மினுமினுத்தது. டிரைவர் பக்கத்தில் குந்தி எட்டிப் பார்த்தார்.

"கடைக்காரரை விட்டுடுங்க. பிளேட்டு நல்லதுதான். தப்பான பக்கத்து சீலை மாத்தினது நான். காய்ச்சலோட எனக்கு மோப்பம் போயிடுச்சு."

"அப்ப அன்னிக்கு மோந்து பார்த்தீங்களேண்ணே?"

"நடிச்சேன்."

பிறகு மூக்கண்ணன் கூட்டுக்குள் விரலை விட்டு எடுத்தார். பழக்கத்தில் தன் மூக்குவரை வந்துவிட்ட விரலைத் திருப்பி, டிரைவரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.