சும்மா எண்ணத்தான்

மகளின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஏதோ இருப்பதை நான் கவனித்தபோது அது புள்ளி இல்லை, குழி. ஈறு வீங்கி, இடது கன்னம் உப்பிப்போய், சோற்றை வலது பக்கமாக ஒதுக்கி ஒதுக்கித் தின்றுகொண்டிருந்தாள். நாலரை வயது. கோட்டாற்றில் ஒரு பல் டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

குழந்தையை முதல்முறையாகப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது எப்படி என்று எங்கிருந்தோ ஒரு நீளமான கட்டுரையைத் தேடி அனுப்பிவிட்டார். பின்னாலேயே போனும் வந்தது.

“ஏட்டி, அனுப்பினத வாசிச்சியா? ஊசின்னு சொல்லப்பிடாது. நோவும்னு சொல்லப்பிடாது. ரத்தம், பிடுங்குறது, ஒண்ணும் பிள்ள காதுல விழப்பிடாது. வெளையாட்டு மாதிரி பழக்கணும், கேட்டியா?”

சொல்லுகிறவருக்கு என்ன, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்லலாம். எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு உள்ளே போவதே ஊசியின் புண்ணியத்தில்தான். தின்னாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி, வெயிலில் இறங்கினால் ஊசி. அதைப் பறித்துவிட்டால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே அவள் தட்டைத் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். ஏதோ மாறிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது போல, இறங்கி ஓடியே போய்விட்டாள்.

ஆனாலும் பழக்கினேன். அவள் என் மடியில் தலைவைத்துப் படுப்பாள். நான் செல்போன் விளக்கை வாய்க்குள் அடித்து, ஸ்பூன் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுவேன். பிறகு அவள் டாக்டர், நான் படுக்கவேண்டும். “வாய தொற. அனங்காத, அனங்காத” என்று, நான் லேசாக அசைந்தாலே அதட்டுவாள். என் பல்லை எண்ணும்போது பத்தொன்பதுக்குப் பிறகு மறுபடியும் பதினொன்று வரும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வாசலில் பாத்திரத்தை இறக்கினார். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்ததும் கேட்டார், “ஏ மக்களே, கன்னம் என்ன இப்பிடி வீங்கிக் கெடக்கு? பல்லு பிடுங்கணுமோ?”

நான் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன், உதட்டில் விரலை வைக்கிறேன். அக்கா எங்கே என்னைப் பார்த்தார்?

“எனக்க மோனுக்கு பிடுங்கினப்ப நாலு பேரு பிடிச்சு அமுக்கினாவ. ரெண்டு ஊசி. என்னா நோவு, என்னா ரத்தம்!” சாளையைக் கூறுபோட்டுக்கொண்டே சொன்னார். தடைசெய்த சொல் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

மகள் திரும்பினாள். “எனக்கும் பிடுங்குவாவளா?”

“சே, சே. சும்மா எண்ணத்தான் போறோம் மக்கா.”

“நெசமாட்டு?”

“நெசமாட்டு.”

பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்தக் குழியை விளக்கடித்துப் பார்த்தவள் நான்தானே. ஆனால் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டாள். அன்று முழுக்க அது எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இருந்தது. அவளிடம் சொல்லி வைத்திருந்தது இது ஒன்று மட்டுமா? அப்பா அடுத்த மாசம் வருவார் என்றும் சொல்லி வைத்திருந்தேன். ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம்தான். லீவு கிடைக்காது என்று அவர் என்னிடம் சொல்லியே வெகுநாளாகிவிட்டது. வீட்டில் அவளுக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். நாளைக்கு என் பேச்சும் பொய் என்று ஆகிவிட்டால் பிள்ளை வேறு யாரைத்தான் நம்பும்? எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை போனால், டாக்டர் என்னைவிடச் சின்னவர். மகள் அந்த நாற்காலியில் தனியாக ஏறவே மாட்டேன் என்றதும், “அம்மா, நீங்க படுங்க. பிள்ள உங்க மேல படுக்கட்டும்” என்றார். படுத்தேன். பிள்ளையின் பாரம் முழுவதும் நெஞ்சில், அவள் தலை என் தாடைக்குக் கீழே, அந்தப் பெரிய விளக்கு நேராக என் கண்ணில். எழுந்திருக்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

டாக்டர் எண்ணினார். மகளும் திறந்த வாயோடு ஆ, ஆ என்று கூடவே எண்ணினாள். முடிந்ததும் இறங்கப் பார்த்தாள்.

டாக்டர் என் காதருகில் குனிந்து, “அந்தப் பல்லு இனி நிக்காது. எடுத்திருவோம்” என்று தணிந்த குரலில் சொன்னார். தணிந்த குரலாவது ஒன்றாவது! என் காதுக்குப் பக்கத்தில்தானே அவள் காதும் இருந்தது.

என் மேல் கிடந்த உடம்பு அப்படியே விறைத்துப்போனது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது.

“எண்ணத்தான்னு சொன்ன?”

“ஒண்ணுமில்ல மக்களே, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்று டாக்டர் சிரித்தார். அவள் கேட்டது டாக்டரை இல்லை.

“அம்மா, நோவுமா?”

எனக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. கட்டுரை அனுப்பிய மனிதர் மேல், மீன்கார அக்கா மேல், அந்த எறும்பு மேல். எழுந்து ஓடலாம் என்றால் பிள்ளை மேலே கிடக்கிறாள். நோவாது என்று சொன்னால் அரை நிமிஷத்தில் ஊசியே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

“நோவும் மக்கா” என்றேன்.

“எம்பிடு?”

அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. என் கையை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் கொடுத்தேன். “கிள்ளு. நான் சொல்லுதேன்.”

மெல்லக் கிள்ளினாள். “இம்பிடா?”

“இன்னும்.”

“இம்பிடா?”

“இன்னும் கொஞ்சம்.” நகம் தோலில் பதிந்தது. “ஆ... இம்பிடுதான். ஊசி போடும்போ இம்பிடு நோவும். பெறவு மரத்துப் போயிரும்.”

ஊசி என்று சொல்லியேவிட்டேன். டாக்டர் கையை நிறுத்திக் காத்திருந்தார். மகள் என் கையை விடாமல் வாயைத் திறந்தாள்.

ஊசி இறங்கியபோது அலறினாள். என் கையில் அவள் நகமும் இறங்கியது. ஆனால் வாயை மூடவில்லை. எனக்கும் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

திரும்பும்போது இரணியல் பஸ்ஸில் ஜன்னலோரம் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்வதிபுரம் தாண்டியதும், மரத்துப்போன வாயோடு கொழகொழவென்று கேட்டாள்.

“அப்பா அடுத்த மாசம் வருவாவளா? உள்ளதச் சொல்லு.”

கூட்டம் எங்களை ஜன்னலோடு சேர்த்து நெருக்கிக்கொண்டிருந்தது. நான் வெளியே பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மக்கா. இந்த வருஷம் வரமாட்டாவ.”

அவள் என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, முன்பு கிள்ளிச் சிவந்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மெல்லக் கிள்ளினாள்.

“இம்பிடா?”

“இன்னும்” என்றேன்.