எங்கள் அபார்ட்மென்ட் டிராக்டரும் ஏழு பெயர்களும்

போன சனிக்கிழமை காலை. வெள்ளைப் பட்டுப்புடவை, தலையில் நெட், கையில் பூங்கொத்து சகிதமாக ஒரு கல்யாணப் பெண் எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

பெண் பெயர் ஜென்சி. மூன்றாவது மாடி ஸ்டெல்லா டீச்சரின் ஒரே மகள். பதினொரு மணிக்கு மேற்கு தாம்பரம் சர்ச்சில் கல்யாணம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதன் பிறகு கிறிஸ்துமஸ் முடிகிறவரை அந்தச் சர்ச்சில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். மாப்பிள்ளைக்கோ அடுத்த வாரம் தோஹாவுக்கு ஃப்ளைட். இன்றைக்கு விட்டால் அடுத்த லீவு எப்போது கிடைக்குமோ, யாருக்குத் தெரியும்?

முடிச்சூர் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு வெள்ளம் புதுசா என்ன? மழை எச்சரிக்கை வந்த உடனே கார்களைப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். ஸ்கூட்டர்களை முதல் மாடிக்குத் தூக்கிவிடுவோம். வண்டிகள் எல்லாம் பத்திரம். நாங்கள்தான் மாட்டிக்கொள்வோம்.

படகு கேட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். முழங்கால் தண்ணீருக்குப் படகு வராதாம், இடுப்பு வரை வந்ததும் கூப்பிடச் சொன்னார்கள். நடக்கலாம் என்றால் ரோடு எது, மழைநீர்க் கால்வாய் எது என்று தெரியவில்லை. பட்டுப்புடவையோடு கால்வாயில் விழுந்தால்?

இந்த மாதிரி நாளுக்காகத்தான் எங்கள் சங்கம் ஒரு டிராக்டரே வாங்கி வைத்திருக்கிறது. சிரிக்காதீர்கள். கூடுவாஞ்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி டீசல் டிராக்டர், பின்னால் ஒரு டிரெய்லர். யோசனை சொன்னது ஸ்டெல்லா டீச்சர். ப்ளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுப்பவர். வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

ஆயுத பூஜையன்று டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் என்று சகல மரியாதையும் செய்தோம். அத்தோடு விட்டோமா? பெயர்ப் பலகையும் மாட்டினோம். பளபளக்கும் அக்ரிலிக்கில், தலைவர் தொடங்கி ஏழு பெயர்கள். ஏழாவது பெயர் என்னுடையது – 'ஊக்கமளித்தவர்' என்ற தலைப்பில். நான் யாரை ஊக்கினேன் என்று எனக்கே தெரியாது! டீச்சர் பெயர் இல்லை. இடம் போதவில்லை என்றார் செயலாளர் வரதராஜன். பலகையை ஸ்டியரிங்குக்குக் கீழே, ஏறுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஆளை வைத்து அவரே மாட்டச் செய்தார்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். ரெயின்கோட், மங்கி குல்லாவோடு செயலாளர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கர்ர்… கர்ர்… கர்ர்… இன்ஜின் சுற்றுகிறது. பற்றவில்லை.

பால்கனிகளில் இருந்து ஆலோசனை கொட்ட ஆரம்பித்தது. டீசலில் தண்ணீர் கலந்துவிட்டது என்றார் ஒருவர். ஏர் லாக் என்றார் இன்னொருவர். இரண்டாவது மாடி ஐடி தம்பி, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிவிட்டு ஆன் பண்ணச் சொன்னார். பூசணிக்காயை அன்றைக்குச் சரியாக உடைக்கவில்லை என்று ஒரு மாமி வருத்தப்பட்டார். செயலாளர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

நான் மெக்கானிக் பாஷா பாய்க்குப் போன் போட்டேன். கோவிலம்பாக்கத்தில் அவர் ஷெட்டிலும் தண்ணீர்.

"ஸ்டாட்டர் சுத்துதுல்ல? அப்போ ஹீட்டர் பிளக்குக்குக் கரண்ட் போவுதான்னு பாரு சார். சும்மா சாவியத் திருப்பிக்கினே இருந்தீங்கன்னா பேட்டரி பூடும்" என்றார். அத்தோடு லைன் கட்.

ஹீட்டர் பிளக் என்றால் என்ன? எனக்கும் அன்றுதான் தெரியும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது, சூட்டில்தான் டீசல் பற்றும். இன்ஜின் சில்லென்று கிடந்தால் உள்ளே இருக்கும் சின்னக் கம்பிகள் முதலில் சூடாகி உதவி செய்ய வேண்டும். கூகுள் இப்படித்தான் சொன்னது. செயலாளரிடம் சொன்னேன்.

"மெட்ராஸ்ல எதுக்கு சார் ஹீட்டரு? இது என்ன காஷ்மீரா?" என்று கேட்டுவிட்டு, குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. அதுவரை வெயிலில் காய்ந்து கிடந்த வண்டியைத்தான் ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தோம். ராத்திரி முழுக்க மழைக் காற்றில் விறைத்துக் கிடந்த வண்டியை இல்லை.

இப்போது கர்ர் சத்தம் இழுக்க ஆரம்பித்தது. பேட்டரி இறங்குகிறது. பக்கத்தில் கார் இருந்தால் அதன் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கலாம். கார் எங்கே? மேம்பாலத்தில்! ஜென்சி அழவில்லை. பூங்கொத்திலிருந்து ஒவ்வொரு இதழாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மெரூன் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் இறங்கி வந்தார். "சார், சாவியக் குடுங்க."

"டீச்சர், இது எலெக்ட்ரிக்கல் சமாசாரம்…"

"முப்பது வருஷமா நான் என்ன சார் எடுக்கறேன்? மாரல் சயின்ஸா?"

சாவி கை மாறியது. அடுத்து என் பக்கம் திரும்பி, என் ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் பல்பைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட வாங்கி வைத்திருந்த வயரை வெட்டி, பல்புக்கு இரண்டு பக்கமும் சுற்றினார். டெஸ்ட் லாம்ப் தயார்.

ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடிக்கச் சொன்னார். சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பி, மறுமுனையால் ஹீட்டர் பிளக்குகளைத் தொட்டார். பல்பு எரியவில்லை. அங்கே கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். அந்தக் கரண்டை அனுப்புவது ரிலே என்கிற சின்னப் பெட்டி. அதற்குள் வருகிற வயர்களைத் தொட்டார். பளிச்! உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று சத்தம் போட வேண்டிய ரிலே, வாயே திறக்கவில்லை. மீதி இருந்தது ஒரு கறுப்பு வயர்.

"இது எர்த். இது பாடியில தொட்டாத்தான் ரிலே வேலை செய்யும்" என்றபடி அந்த வயரை விரலாலேயே பின்தொடர்ந்தார் டீச்சர். வயர் போய் எங்கே மறைந்தது தெரியுமா? பெயர்ப் பலகைக்குப் பின்னால்.

வயரை டிராக்டர் பாடியோடு இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றி, அதே போல்ட்டில் பலகையை மாட்டியிருக்கிறார்கள். வயர் நுனிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, அழகாகப் பின்னால் செருகியிருக்கிறார்கள். ஏழு பேரும் சேர்ந்து கரண்டை மறித்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் கேட்டார். செயலாளர் தயங்கினார். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு வைத்த பலகையாம். கழற்றுவதென்றால் கமிட்டி கூட வேண்டுமாம்.

"கூட்டுங்க அங்கிள். நான் வெயிட் பண்றேன்" என்றாள் ஜென்சி, படியில் உட்கார்ந்தபடியே.

செயலாளர் ஸ்பேனரை வாங்கி அவரே கழற்றினார். டீச்சர் டேப்பைப் பிய்த்து எறிந்து, போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, வயரை வைத்து இறுக்கினார். சாவியைத் திருப்பினார். 'டிக்.' பல்பும் எரிந்தது!

உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. கம்பி சூடாகட்டும் என்று நின்றார். பேட்டரியில் ஒரு முறைக்குத்தான் உயிர் இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். பால்கனிகள்கூட வாயை மூடிக்கொண்டன. டீச்சர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சாவியை முழுதாகத் திருப்பினார். க…ர்ர்… க…ர்ர்… அவ்வளவுதான் என்று நினைத்தபோது குப்பென்று கரும்புகை கிளம்பியது. இன்ஜின் ஓட ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்வானேன்?

டிரெய்லரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, ஜென்சியை உட்கார வைத்துக் கொண்டுபோனோம். செயலாளர்தான் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். மணி அடிப்பதற்கு முன்பே சர்ச் வாசலில் இறங்கினாள். எல்லாக் கல்யாணப் போட்டோவிலும் டீச்சர் புடவையில் கை அகலத்துக்கு கிரீஸ் கறை இருக்கிறது. மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார்.

மறுநாளே வாட்ஸ்அப் குரூப்பில் விவாதம். டிராக்டரைப் பற்றி இல்லை – பலகையை இனி எங்கே மாட்டுவது என்று! டீச்சர் பெயரையும் எட்டாவதாகச் சேர்க்கலாம் என்று பெருந்தன்மையாக ஒரு யோசனை வந்தது. டீச்சர் ஒரே ஒரு பதில் போட்டார். தன் பெயரெல்லாம் வேண்டாம், எந்த வயர் மேலேயும் மாட்டாமல் இருந்தால் போதும் என்று.

ஏகமனதாக முடிவாகி, பலகையை நேற்று லிஃப்டுக்குள் மாட்டிவிட்டார்கள். பட்டன்களுக்குப் பக்கத்திலேயே.

என் வீடு நாலாவது மாடி. நேற்றிலிருந்து நான் படியேறித்தான் போகிறேன்.