செஞ்சியில் நனைந்த ஒரு நாளும் மறுநாள் கப்பலும்

மழைக்காலத்தில் செஞ்சிக்குப் போகலாமா என்று போன பதிவின் கீழே ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். ஆனால் நான் போன மாதிரிப் போகாதீர்கள்.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். நான் மலேயாவில், ஈப்போ நகரில் பள்ளி ஆசிரியர், பிறந்ததும் அங்கேதான். இந்தியா எனக்கு வெளிநாடு. ஆறு வாரம் சுற்றிவிட்டு மதராஸ் வந்தபோது ஒரு நாள் மிச்சம் இருந்தது. மறுநாள் பகல் இரண்டு மணிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து. அங்கே பிறந்தும் குடியுரிமை கிடைக்காத நான் ஊர் திரும்புவதற்கான பர்மிட் அதற்குள் காலாவதியாகிவிடும். அப்புறம் மனைவியும் கைக்குழந்தையும் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். இவ்வளவும் தெரிந்தே ஏறக்குறைய தொண்ணூறு மைல் தள்ளி ஒரு கோட்டையைப் பார்க்கக் கிளம்பினேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது.

விடியற்காலை ஐந்து மணிக்கு மதராஸில் பஸ் ஏறினேன். எட்டரைக்குத் திண்டிவனம். அங்கிருந்து மேற்கே பதினேழு மைல், டிக்கெட் எண்பது பைசா. பத்து மணிக்குச் செஞ்சி கடைத்தெருவில் இட்லியும் காபியும் முடித்துவிட்டுக் கோட்டைக்கு நடந்தேன். ஒன்றரை மைல் இருக்கும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

மலேயாவில் கோட்டை என்றால் கடலோரத்தில் நாலு சுவர். இங்கே கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியைப் பார்த்ததும் மழையிலேயே அண்ணாந்து நின்றுவிட்டேன். பாறைகளை யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியது போல இருந்தது. ஒவ்வொன்றும் எங்கள் பள்ளிக்கூடம் அளவு. ஏற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது, குறுக்கே ஒரு சின்னப் பாலம். அதில் நின்று பார்த்தேன். ராஜகிரியோடு இன்னும் இரண்டு மலைகளையும் சேர்த்துக் கட்டிய மதில், கண்ணுக்கெட்டிய வரை நீண்டு மேகத்துக்குள் போய்விட்டது. ஒவ்வொரு பாறை இடுக்கிலிருந்தும் தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று இன்றைக்கும் தெரியாது.

இறங்கி வந்து நாலு மணி திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு விவசாயி. அவரிடம் ஆரம்பித்த என் கப்பல் கதையை, பர்மிட் உட்பட, நாலு மைல் போவதற்குள் பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது.

அங்கே பஸ் நின்றது. சாலையோரத்து ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் தரைப்பாலத்தின்மேல் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. எல்லோரும் முணுமுணுப்பார்கள் என்று நினைத்தேன். மாறாக, இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஊர்ப் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் தூவினார்கள். பஸ்ஸில் வந்த ஓர் அம்மாள் தலையிலிருந்த பூவை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

"ஏரி கோடி போவுது சார். ரொம்பி மூணு வருசமாச்சி," என்றார் விவசாயி. முகமெல்லாம் சிரிப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். "திருப்பிட வேண்டியதுதான். ரோட்டு ஓரம் தெரியல. ஒரு சக்கரம் எறங்கிச்சின்னா அவ்ளோதான்."

"அண்ணே, நான் எப்படியாவது போயாகணும்," என்றேன்.

விவசாயி என்னை ஒரு தடவை பார்த்தார். "இன்னா, ஓரம் தெரியணும், அவ்ளோதானே? நாங்க போயி நிக்கிறோம்."

வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பஸ்ஸிலிருந்து இன்னும் எட்டுப் பேர் இறங்கினார்கள். காலால் துழாவித் துழாவி ரோட்டின் விளிம்பைக் கண்டுபிடித்து, ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் நாலு பேர், இடைவெளி விட்டு நின்றார்கள். தண்ணீர் அவர்கள் தொடையில் மோதிச் சுழன்றது. நடுவே பஸ் ஊர்ந்து போனது. ஒவ்வொரு முகமாக என் ஜன்னலுக்குக் கீழே கடந்தது. காலையில் பார்த்த கோட்டை எவ்வளவோ பெரியது. ஆனாலும் இதற்கு முன்னால் அது எனக்குச் சின்னதாகிவிட்டது.

அக்கரை ஏறியும் பஸ் நிற்கவில்லை. "அவங்க ஏறணுமே, நிறுத்தச் சொல்லுங்க," என்றேன் கண்டக்டரிடம்.

"நிக்காம போவச் சொன்னதே அவங்கதான் சார். முன்னால ஓடையிலயும் தண்ணி ஏறிக்கினு இருக்குதாம். நின்னா நீங்க போவ முடியாது."

ஓடையைத் தாண்டினோம். ஆறேகாலுக்குத் திண்டிவனம், இரவு பத்துக்கு மதராஸ். மறுநாள் கப்பலில் இருந்தேன்.

நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் வழுக்காத செருப்புப் போடுங்கள். ஈரப் பாறை ஈவிரக்கம் பார்க்காது. காலை எட்டு மணிக்கே ஏறத் தொடங்குங்கள். பயணத்துக்கு மறுநாளைக் காலியாக வைத்திருங்கள். கப்பலோ விமானமோ வேண்டாம்.

தண்ணீரில் நின்ற ஒன்பது பேரும் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் என்று கண்டக்டர் பிறகு சொன்னார். என் கதையைப் பஸ் முழுக்கச் சொன்ன நான், அவர்கள் எதற்காகக் கிளம்பினார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.