பி சொட்டில் மணல்

எங்கள் ரத்த வங்கியில் என்னோடு ரத்தம் சோதிக்கிற பெண்ணுக்குப் பெயர் 'இன்னொருதடவை'. வைத்தது நான்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு வந்தபின், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி ஓடுகிற ஆள். அவளுக்குப் பிறந்ததுகூட இரட்டைக் குழந்தைகள். எங்கள் வாய்க்குக் கேட்கவா வேண்டும்!

ஒரு நாள் காலை, குடலில் கிருமி தொற்றி அறுவைக்குக் காத்திருந்த ஒரு பஸ் டிரைவரின் ரத்தம் வந்தது. கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து ஆட்டினேன். குரூப் பார்க்கிற ஏ மருந்தில் ரத்தம் திரிந்த பாலாகக் கட்டி தட்டியது. பி மருந்தில் பொடி மணல் மாதிரி லேசாகத் திரண்டது. இரண்டிலும் திரண்டால் ஏபி. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் நின்ற டிரைவரின் மனைவி, "அவர் ஏ குரூப்புங்க. லைசென்ஸ்லயே போட்டிருக்கு" என்றார்.

"லைசென்ஸ்ல போட்டோவும்தான் இருக்கு. அது அவர் மாதிரியா இருக்கு?" என்றேன். என் வாயை என்ன சொல்ல.

உள்ளே வந்தால், "அண்ணா, இன்னொரு தடவை பாத்துடலாமா?"

"ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து மூணு போன் வந்தாச்சு!" கத்தினேன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவரின் ரத்தத்தில் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, எங்களிடமிருந்த பி அணுக்களோடு கலந்தாள். நிஜமான ஏபி என்றால் ஒன்றும் ஆகக்கூடாது. குழாயின் அடியில் அணுக்கள் கொத்தாகக் கிடந்தன. பி ரத்தம் அவர் உடம்புக்கு ஆகாது. ஏபி பையை ஏற்றியிருந்தால் ஆள் பிழைத்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"குடல்ல இருக்கற கிருமி பண்ற வேலைண்ணா. ஏ அணுவோட சட்டையில ஒரு பட்டனக் கழட்டிடுது. பாக்க பி மாதிரி ஆயிடுது. நம்ம மருந்தும் ஏமாந்துடுது."

"மருந்து மட்டுமா?" என்றேன்.

பொருத்திப் பார்த்து ஏ பைகளை அனுப்பினோம். திருத்திய சீட்டிலும், பொறுப்பாளன் என்பதால், என் கையெழுத்துதான்.

ஆறு வாரம் கழித்து டிரைவரே நடந்து வந்தார். சீட்டிலிருந்த பெயரை விசாரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களாலதான் சார் உயிரோட நிக்கறேன்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் உங்கள மேல அனுப்பிவைக்கப் பாத்தவன். காப்பாத்தினது அதோ, அவங்க."

அவள் நிமிரக்கூட இல்லை. "வந்தது வந்தீங்க, கைய நீட்டுங்க. இன்னொரு தடவை பாத்துடலாம்."

பஸ்ஸையே வளைத்து ஒடிக்கிறவர் ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டார். கிருமி போன ரத்தம். பி சொட்டில் ஒரு மணல்கூட இல்லை. சீட்டில் ஏ என்று எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"கையெழுத்து நீ போடும்மா."

பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.